ஒரு நாள் பிந்திப் பறித்த சாமந்தி

தருமபுரி ஊரைத் தாண்டி பென்னாகரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் இறங்கி முகத்துக்கு நேராக வந்துவிட்டிருந்தது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். இண்டூர் போகிற டவுன் பஸ் பின்னால் வந்து வேகத்தைக் குறைத்தது. நடத்துநர் படியில் நின்று எட்டிப் பார்த்தார். போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். ஒரு வேலையை விட்டுக் கிளம்பினால் கொஞ்ச தூரமாவது நடந்தே போவது என் வழக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியை விட்டபோதும், ஓசூரில் ஓட்டலை விட்டபோதும் அப்படித்தான் போனேன். கால் சூடானால் மனசு கொஞ்சம் ஆறும்.

ஒரு வளைவில், புளியமரத்தடியில் சாமந்தி கொட்டிக் கிடந்தது. ஒரு மூட்டை இரண்டு மூட்டை அல்ல, பெரிய குவியல். மேலே இருந்த பூ வாடிப் பழுப்பாகிவிட்டது, அடியில் இருந்தது இன்னும் மஞ்சளாகவே இருந்தது. இரண்டு மாடுகள் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. எங்கள் பக்கத்தில் பூ விலை இறங்கினால் இப்படிக் கொட்டிவிட்டுப் போவது புதிதல்ல. ஆனால் இந்தக் குவியல் எதனால் இங்கே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். நேற்று முகூர்த்தம். இந்தப் பூ அதற்கு முந்தின நாளே மார்க்கெட்டுக்குப் போயிருக்க வேண்டும். முகூர்த்தத்தன்றுதான் பறித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பறிக்கச் சொன்னது நாங்கள் செய்த வெப்சைட்.

நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன். வெப்சைட் வேலைக்கு எப்படி வந்தேன் என்று பலரும் கேட்பார்கள். ஓட்டல் வேலைக்கும் போர்வெல் லாரி வேலைக்கும் நடுவில் கொஞ்ச காலம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கதவு திறந்து பெருக்கிக் கூட்டுகிற வேலை பார்த்தேன். வாத்தியார் பின்வரிசையில் உட்காரவிட்டார். மிச்சத்தை போனில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போய்விட்டு, கடைசியில் தருமபுரியில் ஓர் உரக்கடை மாடியில் இருந்த இந்த ஆபீஸுக்கு வந்து சேர்ந்தேன். படியேறும்போதே பூச்சிமருந்து வாசம் மூக்கில் ஏறும். நாலு நாற்காலி, ஒரு நீள மேஜை, சுவரில் ஒரு வெள்ளைப் பலகை.

ஆபீஸை நடத்தியவர் பெங்களூரில் பல வருஷம் பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு சொந்த ஊருக்குத் திரும்பியவர். எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பலகையில் மூன்று கட்டம் போட்டிருந்தார்: செய்ய வேண்டியது, செய்வது, முடிந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு. வேலை நகர நகர சீட்டும் நகரும். இரண்டு வாரத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவை மட்டும் எடுத்து, முடித்து, கேட்டவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த இரண்டு வாரத்தைத் தொடங்க வேண்டும். அதற்கு ஸ்பிரிண்ட் என்று பேர். அக்கா முதல் நாள் விளக்கியபோது எனக்கு போர்வெல் லாரிதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் துளைபோடுகிற ராடு ஒன்றை இறக்கினால் நிறுத்தி, மேலே வருகிற மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஈரம் இருக்கிறதா, பாறையா என்று தோட்டத்துக்காரரிடம் காட்டுவோம். அவர் சரி என்றால் அடுத்த ராடு. எடுத்த எடுப்பில் ஆயிரம் அடி போகிறேன் என்று எவனும் இறங்க மாட்டான். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்து, அதைப் பெங்களூரில் யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி மீட்டிங் மிச்சமாகியிருக்கும் என்றார்.

தினமும் காலையில் பலகைக்கு முன்னால் எல்லோரும் நின்றபடியே பேச வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்றைக்கு என்ன செய்யப்போகிறேன், என்ன தடை. முதல் இரண்டும் நன்றாகவே போகும். மூன்றாவது கேள்வி வந்தால் நாங்கள் எல்லோரும் ஒரே மாதிரி, ஒன்னும் இல்லைங்க என்போம். உண்மையில் இருக்கும். ஆனால் சாமி படத்துக்கு அப்போதுதான் கற்பூரம் காட்டி முடித்திருப்போம், வாசம்கூட அடங்கியிருக்காது. அந்த நேரத்தில் முடியாது, நிற்கிறது, கெட்டுவிட்டது என்றெல்லாம் வாய் திறந்து எப்படிச் சொல்வது? கீழே உரக்கடையில்கூட முதல் ஆள் கேட்கிற சரக்கு தீர்ந்துபோயிருந்தால், சாயங்காலம் வாங்க என்றுதான் சொல்வார்கள். அக்காவுக்கு இது புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்த பிறகும் கூட்டத்தை மாற்றவில்லை. என்றைக்காவது ஒருத்தர் சொல்வார் என்று காத்திருந்தார்.

என்னைத் தவிர இரண்டு பேர். ஒருவன் காரிமங்கலத்துப் பையன், எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பான். இன்னொருத்தி பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்த பெண். டிகிரி முடித்தவள், கல்யாணமாகி ஒரு குழந்தை. புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். அக்கா அவளை மூன்று மாதம் பழகிப் பார்க்கிறேன் என்று எடுத்திருந்தார். வீட்டிலும் அதே பேச்சுதான்: மூன்று மாதம் முடிந்து வேலை நிலைத்தால் போகட்டும், இல்லையென்றால் தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை, அங்கே வரட்டும். தோட்ட வேலை அவளுக்குக் கஷ்டமில்லை. ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டு மறுபடி உள்ளே போனால் திரும்பி வருவது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். அந்த மூன்று மாதம் முடியும் தறுவாயில்தான் இதெல்லாம் நடந்தது.

அவளும் நானும் ஜோடி. ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் எழுத, மற்றவர் பார்த்துத் தப்பைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து இடம் மாற வேண்டும். அவள் எழுதும்போது நான் சொல்வேன். நான் எழுதும்போது அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். அண்ணா என்று கூப்பிடுகிற ஆளிடம் தப்பு என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் அடிக்கடி தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்துவாள். நல்ல பிள்ளை, அண்ணன் தாகமாக இருப்பான் என்று பார்க்கிறது என்று நானும் குடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வயிறு தாங்காமல், போதும்மா என்றேன். அவள் பாட்டிலை எடுக்கவில்லை. அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தேன். மூன்று வரிக்கு மேலே ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு பாட்டில் நகர்ந்தால் கையை எடுத்துவிடுவேன். காரிமங்கலத்துப் பையனும் கண்டுபிடித்து, இன்னிக்கி எத்தனை பாட்டில் ஓடிச்சுங்கண்ணா என்று கேட்பான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அக்காவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் வெட்கப்படுவாளே என்று இருந்துவிட்டோம்.

தேதியைத் தப்பாகச் சொன்ன அந்த வெப்சைட், பூ மண்டிக்காரர் ஒருவருக்காக நாங்கள் செய்தது. முகூர்த்த நாளை அவர் போட்டால், எந்த ஊர்த் தோட்டம் எந்த நாளில் பூப் பறிக்க வேண்டும் என்று விவசாயிகளுக்கு போனில் தெரியும். முகூர்த்தத்துக்கு ஒரு நாள் முன்னால். அந்த ஒரு நாளைக் கழிக்க ஒரே ஒரு வரி. வெளியிடுகிற அன்று காலையில் மண்டிக்காரர் கல்யாணத் தேதியும் பக்கத்தில் தெரிய வேண்டும் என்றார். நான் அன்றைக்குக் காரிமங்கலம் சந்தைக்குப் போய், வியாபாரிகளிடம் பழைய பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்து அவளோடு ஜோடி சேர்ந்து அந்த மாற்றத்தைச் செய்தார். வரிகளை இடம் மாற்றியதில் கழிக்கிற வரி கணக்குக்கு வெளியே போய்விட்டது, பறிக்கிற நாளாக முகூர்த்த நாளே வந்தது. தேதியைச் சரிபார்க்கிற சோதனை எழுத வேண்டும் என்ற சீட்டு இன்னும் முதல் கட்டத்திலேயே ஒட்டியிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பாட்டிலை நகர்த்தினாள். அக்கா, தேங்க்ஸ்மா, தொண்டை வறண்டுதான் கிடந்துச்சு என்று முக்கால் பாட்டிலைக் குடித்துவிட்டு வெளியிடுகிற பட்டனை அழுத்திவிட்டார்.

முகூர்த்தத்துக்கு மறுநாள்தான் இதை அவள் எனக்கு மாடிப்படியில் வைத்துச் சொன்னாள். அதற்குள் பூவெல்லாம் கொட்டியாகிவிட்டது. மண்டிக்காரர் மேலே வந்து உட்கார்ந்திருந்தார். அவருக்குக் குரல் உயராது, அதுதான் இன்னும் சங்கடம்.

"ஏங்க, தாலி கட்டி முடிச்சு பந்தியில எலை எடுத்தப்பறம் மாலை கட்டச் சொல்லுதுங்களா உங்க பொட்டி?" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எங்கே தப்பு நடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அவசரத்தில் செய்தது ஞாபகம் இல்லை. மண்டிக்காரர் ஒன்றுதான் கேட்டார்: இதைச் செய்த ஆள் நாளைக்கு இங்கே இருக்கக் கூடாது, இருந்தால் இந்த வேலையை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறேன். அறையில் எல்லோருடைய கண்ணும் எங்கே போகும் என்று எனக்குத் தெரிந்தது. நிலையாகாத ஆள் ஒருத்திதான். அவள் பலகையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அக்காதான் செய்தார் என்று மண்டிக்காரர் முன்னால் சொல்ல என்னாலும் முடியவில்லை. நான் எழுந்தேன்.

"நான்தான்னு வச்சுக்கங்க," என்றேன்.

அதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. எந்த ஊரிலும் நான் மழைக்காலம் வந்து போகிற அளவுக்குமேல் இருந்ததில்லை. எனக்கு இன்னொரு வேலை கிடைக்கும். சுமை தூக்கவும் தெரியும், தோசை ஊற்றவும் தெரியும். அவளுக்கு இது ஒன்றுதான். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். அக்கா பின்னாலேயே வாசல் வரை வந்தார். நில்லுங்க என்றார், நான் நடந்துவிட்டேன்.

இண்டூர் போய்ச் சேர்ந்தபோது பூ மூட்டை ஏற்றுகிற இடத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. வேனுக்குச் சொந்தக்கார அம்மா காலிச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பூவை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவது அவர் தொழில், சொந்தமாகக் கொஞ்சம் சாமந்தியும் உண்டு. வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று, அந்தத் தேதியைத் தப்பாகச் சொன்ன ஆபீஸிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரே கைல கல்லோட தேடுது, நீ பையத் தூக்கிக்கிட்டு இங்கியே வந்து நிக்கற. தைரியமா, வெவரம் பத்தலயா?"

"நடந்து வந்தனுங்க. இந்த ரோடு இங்கதான் வந்துச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததே வந்தாய், இதைப் பிடி என்று ஒரு சாக்கை நீட்டினார். மடித்து முடித்ததும் களியும் கீரையும் கொடுத்தார். ஆள் யாரும் இல்லாததால் வேனைத் துடைக்கவும் என்னையே சொன்னார். சாக்கின் மேலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். சாக்கில் பூ வாசம் கெட்டியாக இருந்தது.

அதற்கு முன்னால், விளக்கு வைக்கிற நேரத்தில், போன் அடித்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பெண். பின்னால் குழந்தை ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. எங்கே இருக்கிறேன், சாப்பிட்டேனா என்று கேட்டாள்.

"அண்ணா, நீங்க எனக்காகத்தான் போனீங்கன்னு தெரியும். ஆனா நாளைக்கி நான் அந்த நாற்காலில உக்காந்து என்னங்க்ணா பண்றது? இன்னொரு தப்பு வந்தா மறுபடியும் பாட்டிலத்தான தள்ளுவேன்?"

பேசாமல் இரும்மா, மூன்று மாதம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். காலைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்றாள். அக்கா என்ன நினைப்பார், மண்டிக்காரர் என்ன செய்வார், வீட்டில் என்ன சொல்வார்கள் என்று நான் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். ஊர் சுற்றுகிறவனுக்கு யாரையும் பிடித்து நிறுத்திப் பழக்கமில்லை, ஆனால் அன்றைக்கு அவளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தேன்.

"எங்க அத்தைகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"'கொழம்புல உப்பு கம்மின்னு எங்கிட்ட மட்டும் மூஞ்சிக்கு நேராச் சொல்ற. அங்க போயி வாயில என்னத்த வச்சிருந்த?'ன்னு கேட்டாங்க."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காலையில் போன் போடுகிறேன், நீங்களும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்றாள். நான்தான் வேலையை விட்டுவிட்டேனே என்றேன். எனக்கு ஜோடி நீங்கதானே என்றாள். சரி, போடு என்றேன்.

விடிந்ததும் பக்கத்துப் பம்ப்செட்டில் குளித்துவிட்டு வந்தேன். வேன் அம்மாவிடம் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆள் முந்தின வாரம் நின்றுவிட்டானாம், பெங்களூருக்குப் போய்விட்டான். நான் இருப்பேனா என்று கேட்டார். தூக்குவது மட்டுமல்ல. தோட்டத்துக்காரர்கள் இனிமேல் போனில் வருகிற தேதியை நம்ப மாட்டார்கள், அதைப் படித்துச் சொல்லித் தப்பென்றால் தப்பென்று ஆபீஸுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றார். மண்டிக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன், பூவைத் தெருவில் கொட்டினது நாங்கள், அவர் இல்லை என்றார். கொஞ்சம் பொறுங்க, ஒரு போன் வரும் என்றேன்.

கூட்டத்து நேரத்துக்குச் சரியாகப் போன் வந்தது. பலகைக்கு முன்னால் மேஜைமேல் போனை வைத்திருந்தார்கள். கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம்கூடக் கேட்டது. நான் வேனில் சாய்ந்திருந்தவன் நேராக நின்றுகொண்டேன். யாரும் சொல்லவில்லை, தானாக நின்றேன்.

அக்காதான் முதலில் பேசினார். முந்தின நாள் நடந்ததைப் பற்றி யாரும் பேச வேண்டாம், வேலையைப் பார்ப்போம் என்றார். காரிமங்கலத்துப் பையன் தன்னுடையதைச் சொல்லி முடித்தான். கிண்டல் இல்லை. அடுத்து அவள்.

"நேத்து ஒன்னும் செய்யலைங்க்கா. இன்னிக்கி அந்தத் தேதியைச் சரி பண்ணணும், சோதனையும் எழுதணும்." மூன்றாவதுக்கு வந்தாள். "தடை ஒன்னு இருக்குதுங்க."

"என்ன தடை?"

"நீங்கதாங்க்கா."

பிறகு அவள் சொன்னாள், அன்றைக்கு எந்த வரி எங்கே போனது, அதைத் தான் எப்போது பார்த்தது, ஏன் சொல்லவில்லை என்பதையெல்லாம். நடுவில் நிறுத்தவில்லை. அண்ணன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்றும் சொன்னாள். அக்கா என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. வேன் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அன்னிக்கி நீ தண்ணி குடுத்தியே," என்றார் அக்கா மெதுவாக.

"ஆமாங்க்கா."

"நான் குடிச்சிட்டேன்."

காரிமங்கலத்துப் பையன்தான் முதலில் சிரித்தான், அடக்க முடியாமல். அப்புறம் அக்காவும். அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அக்கா தானே மண்டிக்குப் போய், நான்தான் செய்தேன் என்று சொல்லப்போவதாகச் சொன்னார். மண்டிக்காரர் வேலையை எடுத்துக்கொண்டு போனால் போகட்டும், போனால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் போகும், உன்னை மட்டும் அனுப்ப மாட்டேன் என்றார். மூன்று மாதக் கணக்கு இன்றோடு முடிந்தது, உங்க அத்தைகிட்ட சொல்லிடு என்றார். அவள் சரிங்க்கா என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பிறகு அக்கா என்னைக் கேட்டார். அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்றார். நான் வேன் அம்மாவைப் பார்த்தேன். அவர் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு நல்லாச் சொல்லுச்சு," என்றார். "நீ வர்றியா, இல்ல பஸ்ஸுக்கு நிக்கறியா? பத்து மணிக்கு மேல வெயில்ல பூ நிக்காது."

நான் அக்காவிடம், இங்கே ஒரு வேலைக்கு ஒத்துக்கொண்டேன் என்றேன். அப்போது வரை ஒத்துக்கொண்டிருக்கவில்லை, சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டதாக ஆயிற்று. என்ன வேலை என்று கேட்டார். உங்கள் பக்கத்தைத் தோட்டத்தில் நின்று படிக்கிற வேலை என்றேன். அவர், அதற்கு நம்மிடம் ஆளே இருந்ததில்லை என்றார்.

முதல் தோட்டம் ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. சாமந்தி பாதி மலர்ந்து நின்றது. தோட்டத்துக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடையைக் கீழே வைக்காமல் வரப்பிலேயே நின்றார். அடுத்த முகூர்த்தத்துக்கு எந்த நாள் பறிக்கச் சொல்கிறது என்று போனில் பார்த்துப் படித்துக் காட்டினேன். சரிதானுங்களா என்று கேட்டேன். அவர் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"தப்புங்க," என்றார். "இன்னும் ஒரு நாள் தள்ளித்தான் காட்டுது."

ஆபீஸுக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள். அதைத்தான் திறந்து வைத்திருக்கிறேன் அண்ணா, சரி பண்ணினதும் மறுபடி படித்துக் காட்டுங்கள், அதுவரை அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் என்றாள். நான் சொன்னேன். அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். நான் வேனிலிருந்து சாக்குகளை இறக்க ஆரம்பித்தேன்.